வௌவாலை எழுப்பாத எழுத்து

குழந்தைகள் அவளைத் தண்ணியக்கா என்று கூப்பிட்டார்கள். காலையில் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரை டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது அவள் வேலை. பெயர் அப்படி வந்தது. அதை முதன்முதலில் கேட்ட அன்று அவள் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"தெருவுல எவனாச்சும் இப்படிக் கூப்பிட்டுத் தொலைக்கப் போறான். கேக்கறவங்க வேற என்னமோ நெனச்சுப்பாங்க," என்றார். மின்சார வேலை செய்பவர். எதையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார், ஆனால் சிரிப்பு மட்டும் சட்டென்று வந்துவிடும்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. அந்த மழலையர் வகுப்பில் ஆறு வருடமாக உதவியாள். தரையைத் துடைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, மூக்கைத் துடைப்பது, மாறிப்போன செருப்புகளை உரியவர் காலில் சேர்ப்பது, மதியம் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அவள் பாடு. அறை தரைத்தளத்தில் இருந்தது. இரண்டு பெரிய ஜன்னல்கள், முழங்கால் உயர நாற்காலிகள், சுவர் நெடுகக் குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் படங்கள். பெரியவர்கள் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். டீச்சர் வேண்டுமென்றேதான் அப்படி ஒட்டியிருந்தாள்.

டீச்சர் இவளைவிட எட்டு வயது சின்னவள். இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இருபத்து மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை அவள் நடத்துகிற அழகைத் தண்ணியக்கா ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் அலுக்கவில்லை. திங்கட்கிழமை புது எழுத்து. செவ்வாய் எண்ணிக்கை, பித்தான், கூழாங்கல், பாட்டில் மூடி, எது கையில் கிடைக்கிறதோ அது. புதன்கிழமை கைவேலை. வியாழன் கதை. வெள்ளிக்கிழமை கொண்டாட்டம்.

கொண்டாட்டம் என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. அந்த வாரம் யார் எதைப் புதிதாகச் செய்தார்களோ அதைச் சொல்லி வகுப்பே கைதட்டும். ஒருத்தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டதற்கு ஒரு வெள்ளிக்கிழமை கொண்டாட்டம் நடந்தது. ஒருத்திக்குப் பல் விழுந்ததற்கு நடந்தது. பிறகு அந்த இடத்தில் புதுப்பல் முளைத்ததற்கும் நடந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளும் பின்னால் நின்று கைதட்டுவாள். பித்தான் போட்டதற்கெல்லாம் கைதட்டுவார்களா என்று முதல் வருடம் நினைத்தாள். இரண்டாம் வருடம் அவளே டீச்சரிடம் போய், இந்த வாரம் இன்னார் கழிப்பறைக் கதவைத் தானே திறந்துகொண்டு வந்தார் என்று சேதி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கெல்லாம் டீச்சருக்குத் துணையாக இருந்தது அவள் குரல். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். மறு நிமிடமே ஒரு குழந்தையின் காதுக்கு மட்டும் கேட்கும்படி இறங்கிவிடும். பன்னிரண்டு வருடம் அப்படி ஏற்றி இறக்கியதில் அது தேய்ந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் கரகரத்தது. அடுத்த திங்கட்கிழமை வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது.

தொண்டை டாக்டர் உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றாராம். மூன்று வாரம் ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுப்பது அதைவிட மோசம். அதையும் செய்யக்கூடாது. பேசினால் கத்தி வைக்க வேண்டிவரும், அதன் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

தலைமை ஆசிரியை நல்லவர்தான், ஆனால் எதையும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்கிற அவசரக்காரர். மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தைகளைப் பக்கத்து அறையில் சேர்த்துவிடலாம், இடம் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும், அவ்வளவுதானே என்றார். டீச்சர் கையில் வைத்திருந்த சிறு பலகையில் எழுதிக் காட்டினாள்: "நாற்பத்தேழு பேர் ஒரே அறையில் இருந்தால் அழத்தான் கற்றுக்கொள்வார்கள்." அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "எனக்குக் குரல்தான் இல்லை. அக்காவுக்கு இருக்கிறது. மூன்று வாரம் கொடுங்கள்."

வாசலில் குப்பைக்கூடையோடு நின்றிருந்த தண்ணியக்கா அதைப் படித்ததும் கூடையைக் கீழே வைத்தாள். தலைமை ஆசிரியை அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். முதலில் ஒரு வாரம், பிறகு பார்க்கலாம் என்றார்.

அந்த முதல் வாரத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். டீச்சருக்குக் குரல் போனால் வகுப்பு சந்தைக்கடையாகிவிடும் என்று அவள் பயந்திருந்தாள். நடந்தது வேறு. வகுப்பில் ஓயாமல் பேசுகிற பையன் ஒருவன் உண்டு, ரேடியோ என்று எல்லோரும் சொல்வார்கள். டீச்சர் குரலை முழுங்கிட்டாங்களா என்று அவன்தான் முதலில் கேட்டான். குரல் களைத்துப்போய்த் தொண்டைக்குள் படுத்திருக்கிறது, சத்தம் போட்டால் அதற்குத் தொந்தரவு என்று தண்ணியக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான். ரேடியோவே மற்றவர்களை உஸ் உஸ் என்று அடக்க ஆரம்பித்துவிட்டான்.

டீச்சர் கையால் பேசினாள். இரண்டு விரலை நடக்கவிட்டால் வரிசை. உள்ளங்கையை விரித்து மெல்ல இறக்கினால் உட்கார். புருவத்தை உயர்த்தினால் கேள்வி. சொல்ல வேண்டியதை ஓரிரு சொல்லாகப் பலகையில் எழுதினாள், தண்ணியக்கா வாசித்தாள். அந்த வாரத்து எழுத்து வ. வண்டி, வாளி, வாத்து என்று போய், கடைசியில் குழந்தைகள் சேர்ந்து ஒரு பெரிய கறுப்பு வௌவாலை வரைந்து கத்தரித்துக் கூரையில் தலைகீழாக ஒட்ட வைத்தார்கள். ஏணியில் ஏறி ஒட்டியது தண்ணியக்கா.

வியாழக்கிழமைக் கதைதான் அவளுக்குப் பெரிய பயம். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வீட்டுக்கு வருகிற கடிதத்தைக்கூடக் கணவர் வெளியே போன பிறகு தனியாக வைத்துக்கொண்டு படிக்கிற பழக்கம். டீச்சருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை புத்தகத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. கதை முழுவதையும் பெரிய தாள்களில், தாளுக்கு நான்கே வரியாக, கட்டைவிரல் பருமனில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தண்ணியக்கா குச்சியை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டும். குழந்தைகளும் எழுத்துக்கூட்டுகிறவர்கள்தானே. அவள் தடுக்கிய இடத்தில் அவர்களும் தடுக்கினார்கள், சேர்ந்தே தாண்டினார்கள். பாதிக் கதையில் தனக்குப் பயம் போய்விட்டதை அவளே கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற தலைமை ஆசிரியை தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் தொடரலாம் என்று அதற்குப் பொருள்.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் கரும்பலகையில் ழ என்று எழுதினாள்.

தண்ணியக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு அந்த எழுத்து வராது. ஐந்தாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவளை எழுப்பி நிறுத்தி "வாழை" என்று சொல்லச் சொன்னார். வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். வகுப்பே சிரிக்கச் சிரிக்க அந்த மணி அடிக்கும்வரை சொல்ல வைத்தார், முழங்காலில் இரண்டு அடியும் விழுந்தது. அன்றிலிருந்து அந்த எழுத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டாள். எங்கே வேலை என்று கேட்டால் மழலையர் வகுப்பு என்று சொல்ல மாட்டாள். சின்னப் பிள்ளைங்க கிளாஸ் என்பாள். கடையில் பழத்தைக் கையால் சுட்டிக்காட்டி ஒரு சீப்பு கொடுங்கள் என்பாள்.

இன்றைக்குச் சுற்றிப் போக வழியில்லை. டீச்சர் ஒரு வாழைப்பழத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். இருபத்து மூன்று முகங்கள் தண்ணியக்காவைப் பார்த்தன.

"வாளப்பளம்," என்றாள்.

இருபத்து மூன்று பேரும் வாளப்பளம் என்றார்கள். டீச்சர் புன்னகை மாறாமல் பழத்தை நறுக்கி எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

மதியம் பாட்டில் கழுவும் இடத்துக்கு டீச்சர் வந்து பக்கத்தில் நின்றாள். தண்ணியக்கா தலை நிமிராமல் பேசினாள். தனக்கு இந்த எழுத்து வராது, தன் வீட்டில் யாருக்குமே வராது, இந்த வாரம் மட்டும் பக்கத்து அறை டீச்சரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள். டீச்சர் பலகையை எடுத்து எழுதினாள்: "இதை எப்படிச் சொல்வது என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா?"

தண்ணியக்கா யோசித்தாள்.

"அடிச்சாங்க டீச்சர். சொல்லிக் குடுக்கல."

டீச்சர் பலகையை அழிக்காமலே கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை தலைமை ஆசிரியையின் அறைக்கு ஒரு அப்பா வந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் பட்டாணி என்று பெயர் வாங்கியவளின் அப்பா. மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. உதவியாளைக் குறை சொல்ல வரவில்லை என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் தன் மகள் நேற்றிலிருந்து வீட்டில் வாளப்பளம், மளை, கிளங்கு என்று சொல்கிறாள், இந்த வயதில் நாக்கில் படிந்தால் பிறகு போகாது, டீச்சர் தேறி வரும்வரை வேறு யாரையாவது போடக்கூடாதா என்று கேட்டார். தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டார். சொல்வது நியாயம்தானே. டீச்சரை அழைத்து, நாளையிலிருந்து குழந்தைகளைப் பக்கத்து அறையில் சேர்த்துவிடலாம் என்றார்.

டீச்சர் எழுதினாள்: "வெள்ளிக்கிழமை வரை. அன்று பெற்றோரைக் கூப்பிடுங்கள். அவர்களே கேட்டு முடிவு செய்யட்டும்." சரி, வெள்ளிக்கிழமை வரைதான் என்றார் தலைமை ஆசிரியை.

தண்ணியக்கா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. முழுவதும் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போய் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பளம்னு கேட்டா கடைக்காரன் தர மாட்டேன்னா சொல்றான்?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். கடைக்காரன் தந்துவிடுவான், அது அவளுக்கும் தெரியும். தன் வாயிலிருந்து வந்ததை அந்தச் சின்ன வாய்கள் அப்படியே திருப்பிச் சொன்னதுதான் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காலை டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். வருட ஆரம்பத்தில் தன் முகத்தைத் தானே வரைவதற்காகக் கொடுத்த சிறு வட்டக் கண்ணாடிகள் அதில் இருந்தன. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். இருபத்து மூன்று கொடுத்து முடித்து, இருபத்து நாலாவதைத் தண்ணியக்காவிடம் நீட்டினாள். தரையில் தட்டி, வட்டத்தில் உட்காரச் சொன்னாள். ஆறு வருடத்தில் அவள் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்ததில்லை. பட்டாணி நகர்ந்து இடம் விட்டாள்.

டீச்சர் கூரையில் தொங்கிய காகித வௌவாலைக் காட்டினாள். இடது கையைக் குடைபோல் கவிழ்த்துப் பிடித்தாள். குகை. பிறகு தன் வாயைத் திறந்து அண்ணத்தைக் காட்டினாள். அதுவும் குகை. வலது கையை நாக்கு போல் அந்தக் குகைக்குள் நீட்டினாள். நாக்கு நுனி முன்பற்களுக்குப் பின்னால் தொட்டது, பலகையில் ல என்று எழுதினாள். நாக்கு நுனி பின்னால் வளைந்து குகையின் கூரையைத் தொட்டது, ள என்று எழுதினாள். மூன்றாவதாக நாக்கை அதே மாதிரி வளைத்தாள், உயர்த்தினாள், கூரைக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு அப்படியே நிறுத்தினாள். எங்கும் தொடவில்லை. கண்களை அகல விரித்து, வௌவாலைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

முதலில் புரிந்துகொண்டது ரேடியோ. "தொட்டா வௌவால் எந்திரிச்சிடும்," என்றான்.

டீச்சர் பலமாகத் தலையாட்டினாள்.

அப்புறம் அந்த அறையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இருபத்து மூன்று குழந்தைகளும் கண்ணாடிக்குள் வாயைப் பிளந்துகொண்டு, தங்கள் நாக்கைத் தாங்களே முதல் தடவையாகப் பார்த்தார்கள். ஒருத்திக்கு எச்சில் ஒழுகியது. ஒருத்தன் கண்ணாடியை நக்கினான். லகரமும் ளகரமும் நடுநடுவே யார் வாயிலும் இல்லாத புது எழுத்துகளும் எழும்பின. டீச்சர் ஒவ்வொருத்தர் முன்னாலும் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தன் வாயைக் காட்டினாள், அவர்கள் வாயைப் பார்த்தாள். தாடையை ஒரு விரலால் லேசாகத் தாழ்த்தினாள். சத்தமே இல்லாமல் ஒரு சத்தத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் நன்றாக இருந்திருந்தால், தான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று அவளும் விட்டிருப்பாளோ என்னவோ. இப்போது நாக்கு எங்கே போகிறது என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் காட்ட முடியாது. அதைத்தான் அந்த எழுத்து கேட்டது.

தண்ணியக்காவின் முன்னாலும் அவள் மண்டியிட்டாள். தண்ணியக்கா கூச்சத்தோடு வாயைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருடமாகக் கூடவே இருக்கிற நாக்கு, எங்கே போகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. வளைத்தாள். அது பழக்கத்தில் நேராகக் கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"தண்ணியக்கா, வௌவால் முழிச்சிருச்சு," என்றாள் பட்டாணி. கிண்டல் இல்லை. உன் செருப்பு வார் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். அவள் வாயிலேயே அந்த ழ அழகாக வந்து விழுந்ததை டீச்சர் கவனித்துவிட்டுக் கைதட்டினாள்.

அதற்குள் குழந்தைகள் அதை விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். யாருக்காவது நாக்கு கூரையைத் தொட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் உதட்டில் விரல் வைத்து மேலே வௌவாலைப் பார்ப்பார். அவ்வளவுதான். தொட்டவர் மறுபடி முயற்சி செய்வார். யாரும் சிரிப்பதில்லை. சிரித்தால் வௌவால் முழித்துக்கொள்ளுமே.

அன்று மாலையிலிருந்து தண்ணியக்கா பயிற்சியில் இருந்தாள். பாட்டிலைக் கழுவும்போதும் விளக்குமாற்றைத் தள்ளும்போதும் பயிற்சிதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழை, மழை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். முன்சீட்டுக்காரர் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுகூட இல்லையேம்மா என்றார். வியாழக்கிழமை வரும்போது பத்துக்கு நான்கு தடவை நாக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. மீதி ஆறு தடவை வௌவாலுக்குத் தூக்கம் கலைந்தது.

வெள்ளிக்கிழமைக்கு டீச்சர் வைத்திருந்த ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு குழந்தையும் பெயரில் ழ இருக்கிற ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். தண்ணியக்கா அதை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். வேறு யாராவது அறிவிக்கட்டுமே என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். டீச்சர் பலகையை எடுக்கவே இல்லை, முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பெற்றோர் வந்தார்கள். உட்காரக் குழந்தைகளின் நாற்காலிகள்தான். முழங்கால் முகவாயில் இடிக்க, பெரிய மனிதர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பிழை திருத்துபவர் கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு. தலைமை ஆசிரியை கதவோரம்.

முதல் குழந்தை வாழைப்பழம். தண்ணியக்கா கண்ணை மூடித் திறந்துவிட்டுச் சொன்னாள், சரியாக வந்தது. கிழங்கு வந்தது. மழை கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒருத்தி மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைக் கவிழ்க்க, முன்வரிசையில் இருந்த ஒரு மாமாவின் கால்சட்டை நனைந்தது. ஒருத்தனுடைய அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். குழந்தை என்று தண்ணியக்கா அறிவித்ததும் அது பெரிதாகக் கொட்டாவி விட்டது. ஒரு பையன் தன் புல்லாங்குழலைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து வெறுங்கையோடு நின்று அழ ஆரம்பித்தான். அவன் அப்பா எழுந்து வருவதற்குள் ரேடியோ குரல் கொடுத்தான்: "பரவால்ல, அவன் அழுகை கொண்டாந்திருக்கான்." அறையே சிரித்தது. அழுதவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்றான். தண்ணியக்கா அதையும் அறிவித்தாள்.

ரேடியோவின் முறை வந்தபோது அவன் கையிலும் ஒன்றும் இல்லை. அவன் அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவன் நேராக ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்று, தரையைக் காட்டி, "நிழல்" என்றான். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மூன்று வாரத்தில் அவளுக்குப் பேச்சு வாய்வரை வந்துவிட்ட இடம் அது ஒன்றுதான் என்று பிறகு எழுதிக் காட்டினாள்.

பதினெட்டாவதாக வந்த பையன் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் அப்பா பூட்டுக்கடைக்காரர். தண்ணியக்கா அதைக் கையில் வாங்கினாள். ஊரே தாப்பா என்று சொல்கிற சாமான் அது. முதலில் தொடக்கூடாத எழுத்து, கடைசியில் தொட வேண்டிய எழுத்து.

"தாள்ப்பாள்," என்றாள்.

பெரியவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பட்டாணி மெல்ல உதட்டில் விரல் வைத்து மேலே பார்த்தாள். உடனே இருபத்து மூன்று விரல்களும் இருபத்து மூன்று உதடுகளில் ஏறின. எல்லாத் தலைகளும் வௌவாலைப் பார்த்து நிமிர்ந்தன. பெற்றோர்களும் என்னவென்று தெரியாமல் மேலே பார்த்தார்கள்.

தண்ணியக்காவுக்குக் காது சுட்டது. ஐந்தாம் வகுப்பு ஒரு கணம் முழுசாக வந்து எதிரே நின்றது. ஆனால் இங்கே யாரும் சிரிக்கவில்லை. இவர்கள் தங்கள் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் வாரம் முழுக்கக் காத்திருந்த மாதிரியே. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் இடது கையைக் குடையாகக் கவிழ்த்து, வலது கையை அதற்குள் உயர்த்தி, தொடாமல் நிறுத்தினாள்.

"தாழ்... ப்பாழ்," என்றாள் தண்ணியக்கா. ழ வந்தது, கடைசி எழுத்து வழுக்கியது. விரல்கள் இறங்கவில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாவது தடவை சொன்னாள்.

"தாழ்ப்பாள்."

விரல்கள் இறங்கின. கைதட்டல் குழந்தைகளிடமிருந்துதான் முதலில் வந்தது. பித்தானுக்கும் பல்லுக்கும் தட்டுகிற அதே தட்டல். பெரியவர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள். அவள் அடுத்த குழந்தையை முன்னால் கூப்பிட்டாள். இன்னும் ஐந்து பேர் பாக்கி இருந்தார்களே.

எல்லாம் முடிந்து, நாற்காலிகளிலிருந்து பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த பிறகு, பிழை திருத்துபவர் அவளிடம் வந்தார். சிந்திய மழையை அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கிழமை வந்து சொன்னது நான்தாங்க," என்றார்.

"தெரியும் சார். நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல."

அவர் ஈரத்தில் நின்ற நாற்காலியை நகர்த்தி வைத்தார். "இருபது வருஷமா அந்த எழுத்தைத் தேடித் தேடித் திருத்தறேன். அது வாய்க்குள்ள எப்படி வருதுன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். வீட்டுல என் பொண்ணுகிட்ட தப்பு, தப்புன்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சுது எனக்கு."

கால் வழுக்கும், பார்த்துப் போங்க என்றாள். அவர் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போய் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து அறையில் சேர்க்கும் பேச்சு அதன் பிறகு எழவில்லை. திங்கட்கிழமை காலை அச்சகத்திலிருந்து ஒரு பையன் வந்து, ஒரு பக்கம் வெறுமையாக இருந்த பெரிய தாள்களின் கட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். வியாழக்கிழமைக் கதை எழுதுவதற்கு என்று மேலே குறிப்பு இருந்தது.

மூன்றாவது வாரமும் போயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, முடிச்சு சுருங்கிவிட்டது, கத்தி வேண்டாம் என்றார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் மட்டும் பேசலாம், மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகலாம். இனி மைதானத்தின் கோடிவரை அனுப்புகிற குரல் வேண்டாம் என்றும் சொன்னார். அந்த முதல் ஐந்து நிமிடத்தை டீச்சர் எதற்குச் செலவழிப்பாள் என்று தண்ணியக்கா வீட்டில் கணவரிடம் சொல்லிச் சொல்லி யோசித்தாள். புது எழுத்துக்காக இருக்கும் என்றார் அவர். கதைக்காக இருக்கும் என்றாள் இவள்.

இரண்டும் இல்லை. டீச்சர் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவர்களுடைய பெயரை ஒரு முறை சொன்னாள். குரல் சன்னமாக, கொஞ்சம் கீறலாக இருந்தது. சில குழந்தைகள் தங்கள் பெயரைக் கேட்டதும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அதிலேயே நேரம் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்த அரை நிமிடத்தில் தண்ணியக்காவின் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களே நடத்துங்க. நான் கேக்கறேன்," என்றாள்.

அடுத்த பருவத்தின் கால அட்டவணையைத் தலைமை ஆசிரியை தன் கையாலேயே எழுதினார். வியாழக்கிழமை, கதை என்ற கட்டத்தில் டீச்சரின் பெயர் இருந்த இடத்தில் உதவியாளின் பெயர் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் தரையைத் துடைக்க வேறு ஆள். தண்ணியக்கா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், அவளுக்கென்று ஒரு நல்ல குச்சி, சொல்லுக்குக் கீழே வைக்கிற மாதிரி வழவழப்பாக, வாங்கிக்கொண்டு வந்தார்.

புதிய கதையில் ஒரு யானை ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தாளின் மூன்றாம் வரியில் அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு நீளமான சொல் வந்தது. குச்சி நின்றது. அது என்ன வார்த்தை என்று ரேடியோ கேட்டான்.

"எனக்கும் தெரியல. முதல் எழுத்துலேர்ந்து வாங்க, பாப்போம்," என்றாள் அவள். இருபத்து மூன்று பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.